செலினுடைய தூக்கம்

செலினுடைய தூக்கத்தைச் சென்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார்.

சுவரோடு சேர்த்துக் கட்டிய தூக்கப் பை. அதற்குள் கழுத்துவரை புதைந்து, இரண்டு கைகளும் முன்னால் மிதக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, நெடுந்தூரப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்ட மனிதரைப் போல நிம்மதியாக உறங்கினார். நெற்றியில் சாம்பல் நிறத்தில் கட்டிய ஒரு பட்டை. அதே மாதிரிப் பட்டை செலினுடைய நெற்றியிலும் இருந்தது. அவள் கைப்பிடியைப் பற்றி மெல்ல மிதந்து வந்து, அவர் தலைமாட்டில் இருந்த சின்னக் காற்றாடியின் முன்னால் விரலை நீட்டிப் பார்த்தாள். காற்று சில்லென்று பட்டது.

இதைப் பார்க்காமல் அவள் அந்த இடத்தைக் கடந்ததே இல்லை. எடையில்லாத இடத்தில் விட்ட மூச்சு தானாக விலகிப் போகாது. முகத்தைச் சுற்றி அப்படியே நின்றுவிடும். காற்றாடி நின்றுபோனால், தூங்குகிறவர் தான் விட்ட மூச்சுக்குள்ளேயே மூழ்கிப் போவார். தூங்குகிறவரின் காற்றை விழித்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதவையில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாரும் செய்கிற காரியம் இது.

மிதவை என்பது அந்த விண்வெளி நிலையத்துக்கு அங்கே இருந்தவர்கள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர். கோப்புகளில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கண்டத்தைக் கடந்துவிடலாம் என்பது அங்கே பழகிப்போன கேலி. பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும் வீடு அது. கீழே இருப்பவர்கள் காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு மதியத்துக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதற்குள், மிதவையின் ஜன்னலில் சூரியன் உதித்து, அடங்கி, மறுபடியும் உதித்துவிடும். பகல், இரவு என்பதெல்லாம் அங்கே சுவர்க் கடிகாரத்தின் பிடிவாதம்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஆள் தூங்காமலே இருக்க முடிந்தால் எவ்வளவு வசதி என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

செலினுடைய வேலை கண்ணாடி இழுப்பது. உருக்கிய கண்ணாடித் துளியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழையை இழுத்து உருளையில் சுற்ற வேண்டும். பூமியில் இழுத்தால் அதன் எடையே அதைக் கெடுத்துவிடும். மிதவையில் இழுத்தால் சுத்தமாக வரும். அந்த இழைக்குள் ஒரு முனையில் ஏற்றிய வெளிச்சம் பெருங்கடலைக் கடந்து மறுமுனையில் வரும்போதும் வாடியிருக்காது. ஆனால் அதற்கு ஒரு குணம். இழுக்கிற கை மாறினால் அறுந்துவிடும். எந்திரத்தை விட்டு இழுத்துப் பார்த்தார்கள், அறுந்தது. முறை வைத்து ஆளை மாற்றிப் பார்த்தார்கள், அறுந்தது. ஒரே கையும் ஒரே கவனமும் இடைவிடாமல் கிடைத்தால் மட்டும் சமர்த்தாக வந்துகொண்டே இருந்தது. சாப்பிடவும் ஒதுங்கவும் மட்டும் ஒரு பிடிப்பான் சில நிமிடம் இழையை அசையாமல் நிறுத்தி வைக்கும், அதற்குமேல் தாங்காது. தூத்துக்குடி செலின் பெர்னாண்டோவின் கை அதற்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஆனால் கைக்குச் சொந்தக்காரி மனுஷி ஆயிற்றே, அவளுக்குத் தூக்கம் வருமே!

அதற்குத்தான் நெற்றிப் பட்டை. மிதவைக்கு வந்த புதிதில் மருத்துவர் ஹமீதா அதை அவளுக்கு விளக்கினார். ஹமீதா கீழக்கரைக்காரர். எதையும் வீட்டு வேலையை வைத்துத்தான் சொல்வார்.

"தூக்கம்னா என்னன்னு நெனக்கிறே?"

"அசதி தீர்றது."

"அது உடம்புக்கு. உடம்பு சும்மா கெடந்தாலே அசதி தீர்ந்துடும். மூளைக்குத் தூக்கம்கிறது துணி துவைக்கிற மாதிரி. பகல் பூரா சேர்ந்த அழுக்கை அலசி விடணும். இந்தப் பட்டை உன் அழுக்குத் துணியைக் கொண்டுபோய் சென்னியப்பன் வீட்டு மெஷின்ல போட்டுடும். அவர் ரெண்டு பேருக்கும் சேர்த்துத் துவைப்பார். நீ பாட்டுக்கு இழையைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"அவங்களுக்குக் கஷ்டமில்லியா டாக்டர்?"

பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த சென்னியப்பன் சிரித்தார். காங்கயத்துப் பக்கம். மிதவையின் தண்ணீர்க் குழாய்களையும் பம்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர். தலை நரைத்தவர். "எனக்கென்னுங் கஷ்டம்? தூங்கறதுக்குச் சம்பளங் குடுக்கறாங்கன்னு எங்கூர்ல சொன்னா, பாதி ஊரு மூட்டையக் கட்டீட்டு இங்க வந்துருமுங்க அம்மிணி."

"சரி, சட்டைப் பையில ஏதாச்சும் இருந்தா?" என்று செலின் விளையாட்டாகக் கேட்டாள்.

ஹமீதா சிரிக்கவில்லை. "அதெல்லாம் மெஷின்லதான் விழும். உன் கனவு அவருக்குத்தான் வரும். அது ஒண்ணுதான் இதுல குறை."

கனவுதானே, போனால் போகட்டும் என்று செலின் பட்டையைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை கனவு என்பது அப்போது வெறும் ஏமாற்றம். காரணம் இருந்தது. அவளுடைய தம்பி ரெமி, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதனுடைய நாட்டுப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனான். காற்று மாறியது. படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வெறும் பெட்டியைத்தான் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு ரெமி அம்மாவின் கனவில் வந்தான். சித்தியின் கனவில் வந்தான். மீன் ஏலம் கூறும் அடுத்த தெரு ஆளின் கனவில்கூட வந்து பீடி கேட்டானாம். செலினுடைய கனவுக்கு மட்டும் வரவில்லை. "ஒன் கனவுல வந்தானாட்டி?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

மிதவையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் ஒப்படைப்பு. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. முதன்முதலில் பட்டை கட்டிய ஜோடி ஒன்று தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. தூங்கி எழுந்தவர், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படும் முன், விழித்திருந்தவருக்கு அவருடைய கனவைச் சொல்லிவிட வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எது யாருடைய கனவு என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கனவுக்குள் இருப்பவர்கள் உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கவனி. அதுதான் விலாசம்.

முதலில் கொஞ்ச காலம் ஒப்படைப்பில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை. சென்னியப்பனுக்கு வந்ததெல்லாம் அவருடைய சொந்தக் கனவுகள். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும், யாராவது "சார், வால்வை மூடுங்க" என்று கத்துவார்கள். "உங்களுது ஒண்ணையுங் காணமுங்க அம்மிணி," என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் எழுந்ததும் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இழை அறைக்கு வந்தார். செலின் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அவர் காலைத் தரைக் கம்பிக்குள் செருகி நின்றார்.

"ஒரு பையனுங்க. தலையெல்லாம் ஈரம். நேரா சமயக்கட்டுக்குள்ள வந்தான், கொழம்புச் சட்டியத் தொறந்து கையப் போட்டான். 'ஏ அக்கா, இதுல மாங்கா போடலியா?'ன்னு கேட்டானுங்க."

இழை அவள் விரல்களுக்கிடையே போய்க்கொண்டே இருந்தது. "முடி எப்பிடி இருந்துச்சு?"

"முன்னால ஒரு கத்தை மட்டும் நட்டமா நிக்குதுங்க. தண்ணியத் தொட்டு அமுக்குறான், மறுக்கா எந்திரிச்சுக்குது."

செலின் அழுதாள். அங்கே கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்மேல் ஒரு குமிழாகத் திரண்டு, உலகத்தையே தண்ணீருக்குள் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கையை எடுத்துத் துடைத்தால் இழை அறுந்துவிடும். சென்னியப்பன் தன் துவாலையின் முனையால் அதை ஒற்றி எடுத்தார். அவர் கேட்காமலே அவள் ரெமியைப் பற்றிச் சொன்னாள்.

அன்றிலிருந்து ரெமி அடிக்கடி வந்தான்.

அலைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான். தோலைத் தண்ணீரில் வீச வீச, ஒவ்வொரு தோலும் விளக்கேற்றிய சின்னக் கப்பலாகி வரிசையில் கிளம்பிப் போயிற்று. இன்னொரு கனவில் பனிமய மாதா கோயிலுக்குள் மழை பெய்தது. எல்லாரும் குடை பிடித்துப் பூசை பார்த்தார்கள், ரெமி மட்டும் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று சட்டையைப் பிழிந்தான். ஒருமுறை மிதவைக்கே வந்துவிட்டான். கண்ணாடி உருளையைச் சுற்றிச் சுற்றி நீந்திவிட்டு, "இந்த நூல் சுத்துறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றானாம். செலின் வாய்விட்டுச் சிரித்தாள். இழை நடுங்கியது, ஆனால் அறுபடவில்லை.

அவளுடைய நாட்கள் இப்போது ஒப்படைப்பிலிருந்து ஒப்படைப்புக்கு ஓடின. இடையில் பூமி சுற்றி வரும். ஜன்னலில் மன்னார் வளைகுடா உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் நீலமுமாக வந்து போகும். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது அவளுக்கு அதன்மேல் கோபம் இல்லை. வைத்துக்கொள், எனக்குத்தான் அவன் இங்கே வருகிறானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சென்னியப்பனிடத்தில் சில மாற்றங்கள் தெரிந்தன. மீன் வாடையே ஆகாத மனிதர், ஒருநாள் மீன் பொட்டலத்தைத் தேடி எடுத்து, கடைசித் துளிவரை பிழிந்து சாப்பிட்டார். ஆரம்பத்தில் ரெமி பேசியதை அவர் சொல்லும்போது கேட்கச் சிரிப்பாக இருக்கும். தூத்துக்குடிப் பேச்சைக் காங்கயத்து நாக்கில் போட்டு உருட்டுவார். போகப்போக அந்தப் பேச்சு அவர் வாயில் சரியாக உட்கார்ந்துகொண்டது. பையன் நன்றாகப் பழக்கியிருக்கிறான் என்று செலின் நினைத்துச் சந்தோஷப்பட்டாளே தவிர, வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த ஒப்படைப்பு வந்தது. சென்னியப்பன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். முகமெல்லாம் தூக்கத்தின் வெதுவெதுப்பு.

"துறைமுகத்துல ரெண்டு பேரும் கயித்துச் சுருள் மேல உக்கோந்திருக்கறமுங்க. அவன் டீ வாங்கீட்டு வர்றான். எடமே இல்ல. முழங்கையால இடிச்சு, 'அண்ணே, கொஞ்சம் தள்ளி இரி'ங்கறானுங்க. டீயப் பாதி எம்மேல சிந்தீட்டு…"

அவர் நிறுத்திவிட்டார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது.

"என்னன்னு கூப்பிட்டான்?" என்றாள் செலின்.

அவர் துவாலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"சார், என்னன்னு கூப்பிட்டான்?"

"அண்ணேன்னானுங்க."

"இன்னைக்குத்தானா?"

"இல்லீங்க. கொஞ்ச நாளாச்சு." அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்றப்ப மட்டும் அக்கான்னு மாத்திச் சொன்னேனுங்க. அந்த ஒரு வார்த்த மட்டுந்தான். மத்ததெல்லாம் அப்படியேதான் ஒப்படைச்சேன்."

செலினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒருவர் வீட்டுச் சாவியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க, வாங்கியவர் தன் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டதைப் போல இருந்தது. "அவன் எனக்குத் தம்பி," என்றாள். "ஒங்களுக்கு அவன் யாரு?"

"தெரியுமுங்க அம்மிணி. நான் கூப்புடலீங்க. அவனாத்தான் வந்தான்." சென்னியப்பன் கம்பியிலிருந்து காலை எடுத்துவிட்டார். பிடிமானம் இல்லாமல் மெல்லப் பின்னால் மிதந்து போனார். "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லீங்க. சின்னதுல இருந்து ஹாஸ்டலு, அப்புறம் லைன் வீட்டுல வாடகைக்கு ஒத்த ரூமு, அப்புறம் இந்த எடம். அண்ணேன்னு ஒருத்தன் உரிமையா இடிச்சுத் தள்ளுனா எப்படி இருக்குமுன்னு எனக்குத் தெரியாதுங்க. முதல்ல திருத்தத்தான் பாத்தேன். 'நான் அண்ணன் இல்லடா தம்பி, உங்கக்காளோட தூக்கத்தத் தூங்கறவன்'னு கனவுக்குள்ளாற ஒருத்தங்கிட்ட எப்படீங் சொல்றது?"

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

ஹமீதாவிடம் போகச் செலினால் முடியாது, இழையை அவ்வளவு நேரம் விட முடியாதே. அவரை வரச் சொன்னாள். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாயம் ஒட்டியிருக்கு," என்றார் கடைசியில். "ரெண்டு வீட்டுத் துணியை ஒண்ணா ஊறப் போட்டா, ஒண்ணோட சாயம் இன்னொண்ணுல ஏறிடும்ல? எனக்குச் சந்தேகம் இருந்துச்சு செலின். ஆனா யாரும் வந்து சொல்லலை. சொல்லாத வரைக்கும் இல்லைன்னே இருந்துட்டேன்."

"பட்டையக் கழட்டிட்டா அவன் எங்கிட்ட வருவானா?"

"தெரியாது."

"ஒருவேள வருவானோ?"

"வந்தாலும் வரலாம். ஆனா கழட்டினா நீ தூங்கிடுவே. தூங்கினா இழை போச்சு. இந்த உருளையைத்தான் கீழே எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. இழையை மட்டும் இல்லை, பட்டையையும்தான்." ஹமீதா குரலைத் தாழ்த்தினார். "இது இங்க சரியா வந்தா ஊர்லயும் கொண்டுவரணும்னு பேச்சு. ஆலை, ஆஸ்பத்திரி, லாரி ஓட்டுறவங்க, எல்லாத்துக்கும். தூங்குறதுக்குன்னு ஒரு ஜனம், முழிச்சிருக்கிறதுக்குன்னு ஒரு ஜனம். தூங்கிச் சம்பாதிக்க எத்தனையோ ஏழைங்க வரிசையில நிப்பாங்க, பாத்துக்கோ."

"அப்பம் செத்துப்போனவங்கல்லாம் தூங்குறவங்க வீட்டுக்குத்தான் போவாங்க," என்றாள் செலின். "நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க."

ஹமீதா திரும்பி உருளையைப் பார்த்தார்.

அடுத்ததாகச் செய்ததைப் பெரிய தியாகம் போலவோ போராட்டம் போலவோ செலின் செய்யவில்லை. அவளுக்கு ஊரைப் பற்றிய கவலைகூட அப்போது இரண்டாவதுதான். தம்பி வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை தன் கண்ணாலேயே அவனைப் பார்க்க வேண்டும், அவன் 'ஏ அக்கா' என்பதைத் தன் காதாலேயே கேட்க வேண்டும். அவள் இடது கையை இழையிலிருந்து எடுத்து நெற்றிப் பட்டையை அவிழ்த்தாள்.

இழை சத்தமில்லாமல் அறுந்தது. அறுந்த முனை விளக்கொளியில் மினுமினுத்துக்கொண்டு, சீவும்போது உதிர்ந்த முடியைப் போல அறையெங்கும் அலைந்தது. கூட இருந்தவர்கள் வந்து, முகமூடி கட்டிக்கொண்டு, கண்ணாடித் துணுக்குகளை உறிஞ்சு குழாயால் பிடித்தார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தூக்கம் வந்தது. எத்தனையோ காலமாக வாசலில் காத்துக்கொண்டு நின்ற விருந்தாளியைப் போல, கதவைத் திறந்ததும் வீடு கொள்ளாமல் வந்து நிறைந்தது. அவளே பையைக் கட்டிக்கொள்ளும் முன் கண் சொருகியது. யாரோ பையின் வார்களை இறுக்கினார்கள். யாரோ தலைமாட்டுக் காற்றாடியின் முன்னால் விரலை நீட்டிப் பார்த்தார்கள். நரைத்த தலை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. கடலை நினைத்துக்கொண்டே செலின் தூக்கத்துக்குள் இறங்கினாள்.

கனவும் வந்தது. நீண்ட, இருட்டான ஒரு கூடத்தில் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. "சார், வால்வை மூடுங்க, சார்!" என்று யாரோ அவளைப் பார்த்துக் கத்தினார்கள். அவள் திருகித் திருகிப் பார்த்தாள். அது மூடவே இல்லை.

விழித்ததும் வெகுநேரம் பையை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். சாயம் இரண்டு பக்கமும்தான் ஒட்டியிருந்தது. ஒழுகும் குழாயை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ரெமி அந்தப் பக்கம் போய்விட்டான்.

அடுத்து வந்த விண்வெளி ஓடத்தில் சென்னியப்பன் கீழே இறங்க வேண்டிய முறை. அதுவரை இருவரும் ஒரே மேசையில் காலைச் செருகிக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒரே ஓடுபொறியில் மாறி மாறி வார் கட்டி ஓடினார்கள். ரெமியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் ஏதோ சொல்ல வருவார், அவள் வடிகட்டியைச் சுத்தம் செய்யப் போய்விடுவாள். மிதவையில் தொலைந்ததெல்லாம் காற்றோடு போய்க் கடைசியில் அந்த வடிகட்டிச் சல்லடையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். யாருடையதோ பொத்தான், ஒரு மிளகு, சீப்பின் பல். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரியவர்களிடம் கொடுப்பதில் அவளுக்கு அந்த நாட்களில் அலாதியான அக்கறை வந்திருந்தது.

"வரட்டுங்களா அம்மிணி," என்றார் சென்னியப்பன், ஓடத்தின் வாசலில். அவள் தலையை அசைத்தாள். பிறகு கதவு மூடிக்கொண்டது.

கீழே பட்டைத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள் என்று செய்தி வந்தது. ஹமீதா எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவர்களிடம் சொல்லியிருந்தார். நல்ல காரியம்தான் என்று செலினும் சொன்னாள். சொல்லிவிட்டு, மற்றவர்களைப் போலத் தூங்கினாள், எழுந்தாள், விழித்திருக்கும் நேரத்துக்குள் முடிகிற குட்டை இழைகளை இழுத்தாள். கனவில் குழாய்கள் மெல்ல மெல்ல வற்றின. பள்ளிக்கூடம் வந்தது, பேர் தெரியாத ஒரு மலை வந்தது, ஒருமுறை அம்மா வந்தாள். ரெமி வரவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடுகையில் நம்பிக்கையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் விழிக்கையில் பொய்த்துவிடும். அம்மா தொலைபேசியில் வழக்கம்போலக் கேட்டாள். "இல்லம்மா," என்றாள் இவள்.

கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை. தரையில் நடக்கப் பழகும் பயிற்சியில் இருந்த சென்னியப்பனை அழைத்தாள். திரையில் அவர் முகம் ஒடுங்கித் தெரிந்தது. பின்னால் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நடக்க முடியுதா சார்?"

"கொழந்தையாட்டத் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறேனுங்க. டம்ளர அந்தரத்துல விட்டுப்போட்டு, விழுந்து ஒடஞ்சதுக்கு அப்பறந்தான் ஞாபகம் வருது." அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"சார், இப்பமும் வாரானா?"

அவர் எதற்காகத் திரும்பி மின்விசிறியைப் பார்த்தார் என்று தெரியவில்லை. "வர்றானுங்க."

"பட்டை இல்லாமலேயா?"

"பட்டை இல்லாமயேதான். சொன்னா உங்களுக்கு மனசு நோகும், சொல்லாட்டி அது திருட்டு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து வெசனப்பட்டுட்டு இருந்தேனுங்க."

அப்படியானால் அவன் இனி அவர் வீட்டுப் பிள்ளைதான். செலின் எதிர்பார்த்த பதில்தான், ஆனாலும் காதில் விழுந்தபோது வலித்தது. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"என்னப் பத்திக் கேட்டானா?"

சென்னியப்பன் அவளை நேராகப் பார்த்தார். கேட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு பெண் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முன்பு ஒரு வார்த்தையை மாற்றிய மனிதர்தான் அவர். அவர் உதடு அசைந்ததையும், நின்றதையும் செலின் பார்த்தாள்.

"கேக்கலீங்க அம்மிணி."

"ஒரு தடவகூட?"

"ஒருக்காகூட இல்லீங்க."

அவள் கண்ணில் நீர்க் குமிழ் திரண்டது. திரை, அவர் முகம், மின்விசிறி எல்லாம் அதற்குள் நெளிந்தன. பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பக்கம் அவர் பதறிப்போனார். செலின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அது அவனேதான்," என்றாள். "விண்வெளிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு வீட்டுல வந்து சொல்லுதேன். அம்மா அழுதா, அப்பா அழுதாங்க. இவன் தட்டுலேருந்து தலையத் தூக்காம, 'அப்பம் ஒன் பைக்க நான் எடுத்துக்கிடட்டா?'ன்னான். எங்கிட்ட இருக்கும்போதே என்ன விசாரிக்காத பய, அங்க வந்தா விசாரிக்கப் போறான்! கேட்டான்னு நீங்க சொல்லியிருந்தா, அது யாரோ வேற பையன்னு நெனச்சிருப்பேன் சார்."

குமிழைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் திரண்டது. அவள் கைப்பிடியைப் பற்றித் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து, காலைக் கம்பியில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுங்க. கடைசியா வந்தப்பம் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஒரு பாலத்து மேல நடந்து போறமுங்க. பாலம் முடியவே மாட்டேங்குது. கீழ தண்ணியில நட்சத்திரமா நீந்துது. எஞ் செருப்ப அவன் போட்டுட்டு, அவஞ் செருப்ப எனக்குக் குடுத்துட்டான். ரெண்டு அளவு சின்னது. கடிக்குதுடான்னா சிரிக்கறான். அப்புறம் நின்னு, 'அண்ணே, ஒண்ணு காட்டுறேன் வா'ன்னு கையப் புடிச்சு இழுத்தானுங்க…"

"என்ன காட்டுனான்?"

"அதுக்குள்ளார முழிப்பு வந்துருச்சுங்க. காலையில நேரமே பயிற்சிக்குக் கூப்புடுவாங்கன்னு அலாரம் வெச்சிருந்தேன்."

செலினுக்குப் பின்னால், ஜன்னலில், கடல் ஒன்று வெளிச்சத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

"இனிமே அலாரம் வச்சிராதீய," என்றாள். "அவன் எதையும் மெதுவாத்தான் செய்வான்."